ஃபியூஸ் பெட்டிக்குப் போட்ட பாட்டில் சீல்

ராயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, அசர் தொழுதுவிட்டு வந்த கையோடு.

மஸ்கட்டில் ஏசி அறையில் குளிரக் குளிர உட்கார்ந்திருக்கும் அன்பு மச்சான் மொஹ்சினுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் உனக்கும் புத்தி சொல்லும் பொறுப்பு வந்து சேர்ந்துவிட்ட மஜீது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அக்கா ரஹீமுன்னிசாவும் எங்கள் மகள் உமைமாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கே நீயும் உன் வீட்டாரும் குழந்தை ஃபராவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். உன் அக்காவின் முட்டிவலி போன கடுதாசியில் எழுதிய இடத்திலேயே இருக்கிறது. என் சர்க்கரை மட்டும் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தைக் கெடுக்கிறார் என்று நீ கேட்பாய். என் போனில் எது எங்கே இருக்கிறது என்று உமைமாவுக்குத்தான் தெரியும். அவளிடம் கேட்காமல் நான் அதில் தும்மக்கூட முடியாது. குரலில் பேசி அனுப்பலாமென்றால், உன் மாமியாரைப் பற்றி நான் ரகசியமாகச் சொன்னதை நீ சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் போட்டுக் கேட்டு, அந்த அம்மாள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு. எதிர்வீட்டு வில்சன் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்துவிட்டுப் பத்திரமாக ஒளித்து வை.

விஷயம் இதுதான். நீ போகும்போது உமைமாவிடம் கொடுத்துவிட்டுப் போனாயே அந்த வெள்ளைக் கார், அதை உடனே திருப்பிக் கேள். விற்றுவிட்டேன் என்று சொல், ஃபராவின் படிப்புக்கு வேண்டும் என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். நான் சொல்லித்தான் கேட்கிறாய் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது.

ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. அவளுக்கு எண்ணூர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். வாசலில் வருகிற டிரெய்லர்களின் காகிதங்களைச் சரிபார்த்து உள்ளே விடுகிற வேலை. நல்ல வேலைதான், புரொபேஷன் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது, சந்தோஷம்தான். ஆனால் கம்பெனி வேன் நம் பக்கம் வருவதில்லை என்று அவள் உன் காரை எடுத்துக்கொண்டு தினமும் தன்னந்தனியாக எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறாள். மச்சான், அந்த ரோடு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? என் காலமெல்லாம் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்த்து, துறைமுகத்துக்கும் கிடங்குக்குமாய் அலைந்தவன் நான். ஒரு பக்கம் வரிசைகட்டி நிற்கிற டிரெய்லர், இன்னொரு பக்கம் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாத டிரெய்லர், நடுவில் குழி. அந்தக் குழிக்கும் டிரெய்லருக்கும் இடையில் என் ஒரே மகள், தீப்பெட்டி அளவு வண்டிக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறாள். அவள் கிளம்பிப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும்வரை வாசலுக்கும் போனுக்குமாய் நடந்துகொண்டே இருக்கிறேன். பயமாக இருக்கிறது மச்சான். இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போகாதே என்று சொன்னால் கேட்கிற பிள்ளையா அவள்? உன் மருமகள் அல்லவா. அதனால் தண்டையார்பேட்டையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் என் பள்ளிக்கூடத் தோஸ்து அத்தாவுல்லாவிடம் போனேன். வண்டி கெட்டுப்போகவும் கூடாது, ஓடவும் கூடாது, அப்படி ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவன் கையில் இருந்த டீயை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"இன்னா மஜீது, பெத்த பொண்ணுக்கே ஆப்பு வெக்க வந்துகிறியா? சரி, கேட்டுக்கோ. பானெட்ட தூக்கு. பேட்டரி பக்கத்துல கருப்பு டப்பா ஒண்ணு கீது. மூடிக்கு உள்பக்கம் எது எதுக்குன்னு படம் போட்டுக்கீது. பெட்ரோல் பம்புக்குன்னு ஒரு ஃபியூஸ் கீது பாரு, அத்த புடுங்கு. வண்டி இருமிக்கினே கெடக்கும், கெளம்பாது."

ஃபியூஸ் என்றால் நம் வீட்டு மெயின் பெட்டியில் பீங்கான் கட்டையில் கம்பி சுற்றுவோமே, அதுதான் எனக்குத் தெரியும். காரில் இருப்பது அப்படி இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுக்கு, இரண்டு கால் வைத்த பிளாஸ்டிக் வில்லை. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறது, கல்யாண வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மிட்டாய் மாதிரி. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு எண். பெட்ரோல் பம்புக்கு உரியது நீல நிறம், பதினைந்து. பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே தெரியாதவன் போல் பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். அத்தாவுல்லா சொன்னபடியே வண்டி இருமியது. உமைமா சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆட்டோ பிடித்து ஓடினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் அழாத குறையாக வந்தாள். லேட்டானதற்கு அவளுடைய மேலதிகாரி ஜானட் கூப்பிட்டு, புரொபேஷன் முடிவதற்குள் இன்னொரு நாள் இப்படி வந்தால் வேலையை மறந்துவிடு என்று சொல்லிவிட்டாளாம். வந்தவள் உடையைக்கூட மாற்றாமல் போனில் ஏதோ வீடியோவைப் போட்டு வைத்துக்கொண்டு பானெட்டைத் தூக்கினாள். கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து படத்தைப் பார்த்தாள். மூடிக்குள்ளேயே உபரி ஃபியூஸ் நாலைந்தும், அதைப் பிடுங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் இடுக்கியும் கார் செய்தவனே வைத்திருக்கிறான், அது எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் நகத்தால் பிடுங்கி நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். உபரியில் இருந்த நீலத்தை எடுத்துச் செருகினாள், வண்டி கிளம்பிவிட்டது. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தா, ஃபியூஸ் கருகிப் போகும். காணாமப் போகாது. இது காணாமப் போயிருக்கு."

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்மா," என்றேன்.

"எலிக்கு நீலக் கலர் புடிக்கும் போல," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

மறுநாள் உன் அக்கா என் சட்டையைத் துவைக்கும்போது அந்த நீல வில்லையை எடுத்துவிட்டு, "இன்னாங்க இது, புதுசா சர்க்கரை மாத்திரையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அத்தோடு விட்டிருந்தால் நான் நல்லவன். ஆனால் மறுபடி ஒரு வாரம் அவள் போகிற வழியை நினைத்து நினைத்துப் பித்துப் பிடித்தவன் போல் ஆகிவிட்டேன். ஒரு நாள் விடிகாலையில் பஜ்ர் தொழப் போகிற வழியில் மறுபடியும் பானெட்டைத் தூக்கினேன். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். தடவிப் பார்த்து, இதுதான் என்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுதுவிட்டுத் திரும்பி வருகிறேன், என் கண் முன்னாலேயே வண்டி கிளம்பி ஜம்மென்று தெருமுனை திரும்பிப் போகிறது. வீட்டுக்கு ஓடிவந்து கண்ணாடியைப் போட்டுக் கையை விரித்துப் பார்த்தால், உள்ளங்கையில் இருந்தது சிவப்பு. பத்து. பெட்ரோல் பம்பு பதினைந்து, நீலம் அல்லவா. அப்படியானால் இது எதற்கு உரியது? அத்தாவுல்லாவுக்குப் போன் போட்டேன்.

"செவப்பு பத்தா? அது ஆரனுய்யா!" என்று கத்தினான்.

மொஹ்சின், அன்றைக்கு நான் பட்ட பாட்டை எதிரிக்கும் சொல்ல மாட்டேன். காசிமேட்டில் மீன் வண்டி, திருவொற்றியூரில் மாடு, அதைத் தாண்டினால் டிரெய்லர். அவளைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பி, ஹாரன் இல்லாத வண்டியில் அந்த ரோட்டுக்கு அனுப்பி வைத்தது நான்தான். போன் போட்டால் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்காதே என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். சோறு இறங்கவில்லை. உன் அக்கா இன்னா இன்னா என்று கேட்கிறாள், சொல்லவும் முடியவில்லை.

சாயங்காலம் வந்து சேர்ந்தாள். வந்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சைகையில் தண்ணீர் கேட்டாள். குரல் சுத்தமாகப் போய்விட்டது. போகும்போதும் வரும்போதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, தள்ளுங்க தள்ளுங்க என்று கத்திக்கொண்டே ஓட்டியிருக்கிறாள். நமக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் தாயம்மா காசிமேட்டில் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா கொரலுடீ ஒனக்கு! அந்த வேலைய வுட்டுட்டு எங்கூட ஏலம் கூவ வந்துரு, நல்லாயிருப்பே" என்று கூப்பிட்டாளாம். உன் அக்கா மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செய்த தப்பைச் சரிசெய்ய வேண்டும் அல்லவா? அவள் படுத்து ஓய்வெடுத்த நேரம் பார்த்து வெளியே வந்தேன். அந்தச் சிவப்பைத் திரும்பச் செருகப் பார்த்தேன், கை தவறிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. உபரியில் சிவப்பு இல்லை. பச்சை இருந்தது, அதன் தலையில் முப்பது என்று போட்டிருந்தது. பத்தைவிட முப்பது பெரிது, நோஞ்சான் காவலாளியை அனுப்பிவிட்டுப் பயில்வானை வைத்தால் நல்லதுதானே என்று நினைத்துச் செருகிவிட்டேன். மறுநாள் தெருமுனையில் அவள் ஹாரனை அழுத்தினாள். நன்றாகத்தான் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தவாக்கில் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது, பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் தெருவெல்லாம் அடித்தது. அவள் சட்டென்று வண்டியை நிறுத்தி, இறங்கி, பேட்டரியின் கம்பியைக் கழற்றிவிட்டாள். நல்லவேளை, அன்றைக்கு வேலைக்கு இன்னும் நேரமிருந்தது, ஆட்டோவில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நம்மூர் உப்புக்காற்றில் ஹாரனுக்குப் போகிற வயர் எங்கேயோ அரித்துப்போய் ஒன்றோடொன்று உரசியிருக்கிறது. பத்து இருந்திருந்தால் அந்த நொடியே அது அறுந்து கரண்டை நிறுத்தியிருக்குமாம். நான் வைத்த பயில்வான் அறுபடாமல் நின்று வயரை எரித்துவிட்டார். அத்தாவுல்லா வந்து வயரை மாற்றினான். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் அவன் முதுகு சிரிப்பில் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அன்றைக்கு உமைமா என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். "ஃபியூஸ்ங்கிறது தாக்குப்புடிக்கிறதுக்கு இல்லத்தா. ஏதாவது தப்பு நடந்தா முதல்ல சாவுறதுக்குத்தான் அத வச்சிருக்காங்க. அது சாவலைன்னா வயரு சாவும், அப்புறம் வண்டி எரியும். பத்துன்னா பத்துதான் போடணும். போட்டும் திரும்பப் போச்சுன்னா, பெருசா போடக் கூடாது, ஏன் போச்சுன்னு தேடணும்."

உன் அக்கா அடுப்படியிலிருந்தே, "இன்னாத்துக்குடி இவ்ளோ பேசுறே, உங்க அத்தா மாதிரின்னு சொல்லிட்டுப் போ. சின்ன விஷயத்துக்கெல்லாம் பட்டுன்னு அறுந்துட்றாரு" என்றாள். என் நாற்பத்தைந்து வயதில் அவள் இந்தப் பேச்சு பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதற்குமேல் அவள் ஒன்று செய்தாள் பார், அங்கேதான் நான் மாட்டினேன். என்னைக் கேட்கவில்லை, குற்றம் சொல்லவில்லை. "அத்தா, யாரோ வண்டில கை வைக்கிறாங்க. எனக்கு வேற யாரையும் தெரியாது. நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தில் ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். திருடன் கையிலேயே சாவி என்றால், அவனுக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்தால், தூக்கம் வருமா?

எனக்குத் தெரிந்த காவல் ஒன்றே ஒன்றுதான். துறைமுகத்தில் கன்டெய்னரைப் பூட்டியதும் பாட்டில் சீல் என்று ஒன்று போடுவோம். விரல் கனத்தில் ஒரு இரும்பு ஆணி, அதன் வாயில் ஒரு மூடி. ஒரு தடவை அமுக்கினால் அமுக்கினதுதான், பெரிய கட்டர் வைத்து வெட்டினாலொழிய வராது. சீல் உடையவில்லை என்றால் உள்ளே சரக்கு பத்திரம். சேருகிற ஊர் வரைக்கும் யாரும் அதைத் திறக்க முடியாது. இந்த நம்பிக்கையில்தான் நான் வேலை பார்த்தேன், உன் அக்காவுக்கும் சோறு போட்டேன். பழைய ஆபீஸில் போய் ஒரு சீல் வாங்கி வந்தேன். வீட்டில் கிடந்த ஒரு கனத்த ஆணியைச் சுடவைத்து ஃபியூஸ் பெட்டியின் மூடிக் காதில் ஒரு ஓட்டை போட்டு, சீலை மாட்டி அமுக்கிவிட்டேன். இனிமேல் எலியானாலும் சரி, அந்த எலியைப் பெற்ற அப்பனானாலும் சரி, கை வைக்க முடியாது. உமைமாவிடம் சொல்லவில்லை. நல்ல காரியத்தைத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை. வானம் கறுத்திருந்தது. அவள் தனியாக மழையில் வர வேண்டாம் என்று பஸ் பிடித்து எண்ணூர் போய், அவள் வேலை முடிந்ததும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம், மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல் உனக்கு நினைவிருக்குமே, பகலெல்லாம் கண்ணாடியில் படிந்திருந்தது மழை பட்டதும் சிமெண்டுக் குழம்பு மாதிரி ஆகிவிட்டது. வைப்பர் அதில் சிக்கி, முக்கி முனகி, ஒரேயடியாக நின்றுவிட்டது. முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் டிரெய்லர்களின் விளக்கு. நான் கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவள் ஓரம் கட்டி, நாலு பக்கமும் விளக்கை மின்னவிட்டு, "வைப்பர் ஃபியூஸ்தான் போயிருக்கும், ஒரு நிமிஷம்" என்று சொல்லிக் குடையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

கறுப்புப் பெட்டியின் மேல் குனிந்தவள் சீலைத் தொட்டு ஆட்டிப் பார்த்தாள்.

"அத்தா," என்றாள். "இது என்ன?"

நான் குடையை அவளுக்குப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அப்போது எங்களுக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. நின்றது என்றால், எங்கள் மீது யாரும் வந்து மோதாதபடி ரோட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது. டிரைவர் இறங்கி வந்தான், பாரி என்று பெயர், வியாசர்பாடிக்காரன். "மேடம், நீங்களா? இன்னா ஆச்சு?" என்று குனிந்து பார்த்தவன், என் பக்கம் நிமிர்ந்தான்.

"இன்னா நைனா இது? ஃபியூஸ் டப்பாக்கு பாட்டில் சீல் போட்டுகிறே! உள்ள இன்னா, தங்கமா கீது?"

"பாதுகாப்புக்குப்பா," என்றேன்.

"கஸ்டம்ஸ் ஆபீசர இட்டாந்தாதான் தொறப்பியா?" என்று சொல்லிவிட்டு, வண்டியில் இருந்து முழங்கை நீளக் கட்டரைக் கொண்டுவந்து சீலை வெட்டினான். உமைமா மூடியைத் திறக்கவில்லை. முதலில் தண்ணீர் பாட்டிலை எடுத்து வைப்பரில் அப்பியிருந்த சாம்பல் குழம்பைக் கழுவினாள். "சிக்குனத எடுக்காம ஃபியூஸ் போட்டா, அதுவும் போயிரும்" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னாள். அப்புறம்தான் கருகின மஞ்சளைப் பிடுங்கி, அதே இருபது எண் போட்ட இன்னொரு மஞ்சளைச் செருகினாள். வைப்பர் ஆடியது. பாரி மழையில் நனைந்துகொண்டே என்னிடம், "நைனா, இவங்க கேட்டுல ஒக்காந்துகினு இருந்தா எங்க லைன் மடமடன்னு நவுரும். மத்தவங்க இருந்தா வண்டிலயே தூங்கி எந்திரிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் இறங்கும்போது உமைமா வெட்டின சீலை என் கையில் கொடுத்தாள். "சரக்கு பத்திரமா வந்து சேர்ந்திருச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க" என்றாள். உன் அக்கா கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு எதிர்வீட்டு வில்சன் வரைக்கும் கேட்டிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் என் கோரிக்கை அதேதான் மச்சான். அவள் கெட்டிக்காரி, மறுக்கவில்லை. ரோடு கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்காது. நேற்று பாரி நின்றான், நாளைக்கு யார் நிற்பார்கள்? ஆகவே காரைத் திருப்பிக் கேள். தயங்காதே, இரக்கப்படாதே, அவள் அழுதாலும் விடாதே. அழுதால் நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

உன் வீட்டாருக்கு என் சலாம். ஃபராவுக்கு நெற்றியில் ஒரு முத்தம். உன் மாமியாருக்கும் சலாம் சொல், ஏற்றுக்கொண்டால் எழுது. உனக்கு நீண்ட ஆயுளும், குறைவில்லாத பரக்கத்தும், அக்கா வீட்டுக்காரர் பேச்சைக் கேட்கிற நல்ல புத்தியும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
உன் மச்சான்,
மஜீது.

பின்குறிப்பு: புதன்கிழமை மாலை. வில்சன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான், அதற்குள் இதைச் சேர்க்கிறேன். திங்கட்கிழமை ஜானட் கூப்பிட்டு உமைமாவுக்கு வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டாள். நேற்றுக் காலையில் நானும் அவளோடு வண்டியில் எண்ணூர் போனேன், உனக்கு எழுத இன்னும் நாலு குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் போனேன். திருவொற்றியூர் வரைக்கும் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, "அத்தா, எழுந்திரிங்க, ஆபீஸ் வந்திருச்சு." கண்ணைத் திறந்தால் இரண்டு பக்கமும் டிரெய்லர். நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன் மச்சான், அந்த ரோட்டில், அவள் ஓட்டுகையில். குறட்டை வேறு விட்டேனாம். என் மகள் மீது இவ்வளவு நம்பிக்கை எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. தெரிந்ததும் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அவள் பார்க்கவில்லை. எனவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. வேறு கடிதம் எழுதலாம்தான், ஆனால் இவ்வளவு எழுதிக் கை வலிக்கிறது, என் பக்கத்து நியாயமும் உனக்குத் தெரிய வேண்டும். காரைக் கேட்காதே, கேட்டாலும் கொடுக்க மாட்டோம். நீ லீவில் வரும்போது உமைமாதான் ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருவாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வா, முன்சீட்டில் நான் தூங்க வேண்டும்.